கேவிஎம்முக்கு நட்சத்திரமா, எம்மா, காலியா?

லினக்ஸின் மையமான கெர்னலைச் சொந்தமாகக் கட்டுகிறவர்கள், அதில் எதெது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் திரையில் ஒரு இடத்தில் கட்டாயம் தயங்கி நிற்பார்கள். 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரிக்குள் நுழைந்தால் கேவிஎம் இருக்கும். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை (விஎம்) ஓட்ட உதவும் கெர்னல் பகுதி அது. அதன் முன்னால் சின்னதாக ஓர் அடைப்பு. ஸ்பேஸ் பாரைத் தட்டத் தட்ட அதில் நட்சத்திரம் வரும், எம் வரும், மறுபடி காலியாகும். நட்சத்திரம் என்றால் கெர்னலோடு ஒன்றாகச் சேர்ந்துவிடும். எம் என்றால் தனி மாட்யூலாக வட்டில் இருந்து, வேண்டும்போது ஏறும். காலி என்றால் கிடையாது.

இதே கேள்வியைச் சமீபத்தில் மூன்று பேர் கேட்டார்கள். தர்மபுரியில் ஒரு கல்லூரி லேப் பார்க்கும் தம்பி, ஓசூரில் சின்னதாக ஒரு எந்திரப் பட்டறை வைத்திருப்பவர், கிருஷ்ணகிரியிலேயே ஆண்ட்ராய்டு செயலி எழுதப் பழகும் ஒரு மாணவி. மூவருக்கும் மூன்று பதில் சொன்னேன். ஒருவரிடம் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போய், "அவருக்கு மட்டும் ஏன் சார் வேற மாதிரி சொன்னீங்க?" என்று கேட்க, சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

## அதற்கு முன் இரண்டு விஷயம்

கெர்னலைச் சொந்தமாகக் கட்டவே வேண்டுமா என்பது முதல் விஷயம். டெபியன், உபுண்டு கெர்னல்களில் கேவிஎம் மாட்யூலாகவே வருகிறது. அது போதும் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். சொந்தக் கெர்னல் வைத்தால் பாதுகாப்புத் திருத்தங்களையும் நாம்தான் பார்த்துப் பார்த்துக் கட்ட வேண்டும். என் பழைய ஐ3 மடிக்கணினியில் டிஸ்ட்ரோவின் (உபுண்டு மாதிரி லினக்ஸ் தொகுப்பின்) முழு கான்ஃபிக்கோடு கட்ட ஆரம்பித்தால், டீ குடித்து, ராத்திரிச் சாப்பாடும் முடித்து வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, சிப்பில் விஎம் ஓட்டும் வன்பொருள் வசதி இருக்கிறதா, பயோஸில் திறந்திருக்கிறதா. இன்டெல்லின் விடி-எக்ஸ் 2005-இலும் ஏஎம்டியின் ஏஎம்டி-வி 2006-இலும் வந்தன. ஆனால் வந்த பிறகும் எல்லா சிப்பிலும் போடவில்லை. பென்டியம் டூயல் கோர் காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் இருக்காது. இருந்தாலும் பயோஸில் அணைத்து விற்ற அலுவலகக் கணினிகள் ஏராளம். சிபியுஇன்ஃபோ கோப்பில் விஎம்எக்ஸ் (இன்டெல்) அல்லது எஸ்விஎம் (ஏஎம்டி) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பயோஸில் மாற்றினால் ரீபூட் மட்டும் செய்யாமல், மின்சாரத்தையே அணைத்துப் போடுங்கள். சில பெட்டிகளில் அப்போதுதான் அது பிடிக்கும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது வேகம். அதை நான் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன். நட்சத்திரமாக வைத்தாலும் எம்மாக வைத்தாலும் ஏறிய பிறகு ஓடுவது ஒரே நிரல்தான். கெஸ்ட், அதாவது உள்ளே இருக்கும் விஎம், ஓடும் வேகத்தில் நமக்குத் தெரிகிற வித்தியாசம் எதுவும் இல்லை. நினைவகமும் ஒன்றிரண்டு எம்பி விஷயம். 8 ஜிபி உள்ள பெட்டியில் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பார்ப்பது வேறு நான்கு:

- ஏதாவது தகராறு வந்தால் ரீபூட் இல்லாமல் கழற்ற முடியுமா? பெட்டி ஓசூரில், நான் கிருஷ்ணகிரியில். நடுவில் ஐம்பது கிலோமீட்டர்.
- அதே பெட்டியில், விஎம் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி வேறொன்றும் ஓடுமா?
- ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் யார் கை நனைய வேண்டும்?
- அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள்? நாம் மட்டுமா, வருகிற மாணவர்கள் எல்லாருமா?

## நட்சத்திரம்: கெர்னலுக்குள்ளேயே

இதைத்தான் நான் முதலில் விரும்பினேன். மாட்யூல் கோப்பு காணோம், பதிப்பு ஒத்துப்போகவில்லை என்ற பேச்சே கிடையாது. கெர்னல் எழுந்தால் கேவிஎம்மும் எழும். மாட்யூல் ஏற்றும் வசதியையே மூடிவிட்டு இறுக்கமாகக் கட்டும் சர்வர்களுக்கு இது ஒன்றுதான் வழி. விஎம் ஓட்டுவது மட்டுமே வேலை என்று ஒதுக்கிய பெட்டிக்கும் இதுவே நல்லது.

கழற்ற முடியாது என்பதுதான் இதன் விலை. அது எவ்வளவு என்று ஓசூரில் கற்றுக்கொண்டேன்.

அங்கே பட்டறையில் அளவெடுக்கும் எந்திரம் ஒன்று. அதன் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். எனக்கு முன்னால் பார்த்தவர் அந்த எக்ஸ்பியை ஒரு லினக்ஸ் பெட்டியில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் போட்டு வைத்திருந்தார். நான் போனதும் என் பங்குக்கு ஒரு மெல்லிய கெர்னலைக் கட்டினேன். 'எதற்கும் இருக்கட்டும்' என்று கேவிஎம், இன்டெல் சிப்புக்கான அதன் பகுதியான கேவிஎம்-இன்டெல் இரண்டுக்கும் நட்சத்திரம் வைத்தேன். கெர்னல் 6.6 வரை ஒரு தொந்தரவும் இல்லை. காரணம், அதுவரை கேவிஎம் சும்மா உட்கார்ந்திருக்கும். முதல் கேவிஎம் விஎம்மைத் தொடங்கினால்தான் விடி-எக்ஸைக் கையில் எடுக்கும். யாரும் தொடங்காததால் விர்ச்சுவல்பாக்ஸ் நிம்மதியாக ஓடியது.

6.12-இல் இந்த வழக்கம் மாறியது. கேவிஎம் ஏறும்போதே விடி-எக்ஸை எடுத்து வைத்துக்கொள்கிறது. எல்லா கோர்களிலும் வரிசையாக அதை இயக்குவதற்கு நேரம் பிடிக்கும். முதல் விஎம் அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகச் செய்த மாற்றம் இது. கெர்னலுக்கு வெளியிலிருந்து வரும் ஹைப்பர்வைசர்களோடு (விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி விஎம் ஓட்டும் மென்பொருள்களோடு) இடிக்கலாம் என்று ஆவணத்திலேயே எழுதியும் இருக்கிறார்கள். நான் அதைப் படிக்காமல் 6.12 கட்டிப் போட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

இரண்டாம் ஷிஃப்டில் பட்டறைப் பையனிடமிருந்து போன். நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணா, எக்ஸ்பி ஓபன் ஆகல. ஏதோ ரூட் மோட்னு வருது."

புரிந்துவிட்டது. எம்மாக இருந்திருந்தால் ஒரே கட்டளையில் கழற்றச் சொல்லியிருப்பேன். நட்சத்திரம் ஆயிற்றே. ரீபூட் செய்யச் சொல்லி, கெர்னலை ஏற்றும் கிரப் திரையில் நிறுத்தி, ஈ எழுத்தைத் தட்டவைத்து, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போகவைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"கே, வி, எம். புள்ளி. எனேபிள். அண்டர்ஸ்கோர்."

"அது எங்கண்ணா இருக்கு?"

"ஷிஃப்ட்ட பிடிச்சுக்கிட்டு மைனஸ் தட்டு."

கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0. சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கண்ட்ரோலோடு எக்ஸ் தட்டினான், எழுந்தது, எக்ஸ்பியும் திறந்தது. மறுநாள் நேரில் போய் கிரப் கோப்பில் நிரந்தரமாக எழுதலாம் என்று பார்த்தால், அவன் எனக்கு அனுப்பியிருந்த படத்தில் மூன்றாவது அண்டர்ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மைனஸ். அப்படியும் வேலை செய்திருக்கிறது. கெர்னல் அளவுருக்களின் பெயரில் மைனசும் அண்டர்ஸ்கோரும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு செலவும் உண்டு. விஎம்முக்குள் விஎம் ஓட்டும் வசதியை மாற்றுவது போன்ற சின்ன அமைப்புகள்கூட நட்சத்திரத்தில் கெர்னல் வரியில் எழுதி, ரீபூட் செய்தால்தான் மாறும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. கேவிஎம்முக்கு நட்சத்திரம், கேவிஎம்-இன்டெல்லுக்கு எம் என்று பிரித்து வைக்கலாம். வன்பொருளைப் பிடிப்பது பின்னதை ஏற்றும்போதுதான் நடக்கும் என்பதால் அதை மட்டும் கழற்றினால் போதும். இதைத் திருப்பிப் போட முடியாது. கேவிஎம் எம்மாக இருந்தால் கேவிஎம்-இன்டெல்லுக்கு நட்சத்திரம் வைக்க மெனு விடாது.

## எம்: தனி மாட்யூலாக

என் வழக்கம் இப்போது இதுதான். கழற்றலாம், அமைப்பை மாற்றி மறுபடி ஏற்றலாம், வேண்டாத பெட்டியில் தடைப்பட்டியலில் போட்டு ஏறவிடாமலும் செய்யலாம். கழற்றும்போது கேவிஎம்-இன்டெல் முதலில், கேவிஎம் பிறகு. ஏதாவது ஒரு விஎம் ஓடிக்கொண்டிருந்தால் கழற்ற விடாது, அது நல்லதற்குத்தான்.

எம் வைத்தால் நாமாக ஏற்றும்வரை ஏறாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சிப்பில் வசதி இருந்தால் பூட் ஆகும்போது தானாகவே ஏறிவிடும். ஆகவே 6.12 முதல் விர்ச்சுவல்பாக்ஸும் வேண்டும் என்றால் தடைப்பட்டியல் வரி போடுவது நல்லது.

அப்புறம், கெர்னலை நிறுவிவிட்டு மாட்யூல்களை நிறுவ மறப்பது. பெயரும் பதிப்பும் பழையதுபோலவே இருந்தால் புதுக் கெர்னல் பழைய மாட்யூலை ஏற்றப் பார்த்து, வடிவம் சரியில்லை என்று துப்பிவிடலாம். லோக்கல்வெர்ஷன் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணைக் கூட்டிப் போட்டால் இந்தக் குழப்பம் வராது.

எம்மின் உண்மையான பொறி லோக்கல்மாட்கான்ஃபிக். இப்போது எந்தெந்த மாட்யூல் ஏறியிருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடும் வசதி அது. கட்டும் நேரம் வெகுவாகக் குறையும் என்பதால் எல்லாருக்கும் பிடிக்கும். தர்மபுரி லேப் தம்பிக்கும் பிடித்தது. அவர் கான்ஃபிக் எடுத்த பெட்டியில் பயோஸில் விடி-எக்ஸ் அணைந்திருந்தது. அதனால் கேவிஎம்-இன்டெல் ஏறவில்லை; ஏறாததால் பட்டியலிலும் இல்லை; பட்டியலில் இல்லாததால் புதுக் கெர்னலிலும் இல்லை. பிறகு முப்பது பெட்டியிலும் உட்கார்ந்து பயோஸைத் திறந்துவிட்டு, "சார், இப்பவும் வரல" என்றார். எங்கிருந்து வரும்?

அதைச் சேர்த்துக் கட்டியதும் விஎம் எழுந்தது, நெட்வொர்க் இல்லை. டன், பிரிட்ஜ், வி-ஹோஸ்ட்-நெட் மூன்றும் தேவைப்படும்போது மட்டும் ஏறுகிற நெட்வொர்க் மாட்யூல்கள். கான்ஃபிக் எடுத்த நேரத்தில் எந்த விஎம்மும் ஓடாததால் அவையும் போய்விட்டன. மூன்றாவது முறை கட்டினோம். லோக்கல்மாட்கான்ஃபிக் எடுக்கும் முன் ஒரு விஎம்மைத் தொடங்கி, அதற்குள் இணையமும் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுங்கள்.

## காலி: கேவிஎம்மே வேண்டாம்

விஎம்மே ஓடப்போவதில்லை என்றால் காலியாக விடுவதில் தப்பே இல்லை. கடை பில்லிங் கணினி, மாங்கூழ் ஆலையின் எடைமேடைக் கணினி இதெல்லாம் அந்த வகை. பெங்களூரா மாங்காய் லோடு வரிசையில் நிற்கிற சீசனில் எடைமேடைப் பெட்டியில் எவ்வளவு குறைவான நிரல் இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி. கெர்னலில் இல்லாத ஒன்றில் ஓட்டை கண்டுபிடித்தாலும் நமக்குக் கவலை இல்லை. 2018-இல் வெளிவந்த எல்1டிஎஃப் பலவீனம் விஎம் ஓட்டுகிறவர்களைத்தான் அதிகம் படுத்தியது. கெஸ்டுக்குள் நுழையும்போது சிப்பின் எல்1 தரவு கேஷைக் காலி செய்ய வேண்டி வந்து, வேகத்திலும் அடி விழுந்தது. விஎம் இல்லாத பெட்டிக்கு அந்தச் செலவே கிடையாது.

ஆனால் 'விஎம் வேண்டாம்' என்று சொல்பவர் உண்மையிலேயே வேண்டாம் என்கிறாரா என்று ஒருமுறை விசாரியுங்கள். கிருஷ்ணகிரி மாணவி அப்படித்தான் சொன்னார். "நான் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மட்டும்தான் சார் போடுவேன்." அதில் செயலியை ஓட்டிப் பார்க்கும் எமுலேட்டர் லினக்ஸில் கேவிஎம்மைத்தான் நம்பியிருக்கிறது. அது இல்லாவிட்டால் ஆமை வேகம். விஎம் ஓட்டும் குவெமு நிரலும் அப்படியே: கேவிஎம் இல்லையென்றால் சிப்பின் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளிலேயே மொழிபெயர்த்து ஓட்டும். ஓடும், ஆனால் எக்ஸ்பி டெஸ்க்டாப் வருவதற்குள் பொறுமை போய்விடும்.

## காலி விட்டு, விர்ச்சுவல்பாக்ஸ்

இது கெர்னலோடு வராமல், தன் மாட்யூலைத் தானே கொண்டுவரும். மெனு எளிது, ஸ்னாப்ஷாட் ஒரே சொடுக்கு, அதே விஎம்மை விண்டோஸ் பெட்டியிலும் திறக்கலாம். பாதி விண்டோஸ், பாதி லினக்ஸ் என்று இருக்கும் லேபுக்கு இது பெரிய வசதி. ஆசிரியர்களுக்கும் பழகிய திரை.

இதன் செலவு அப்டேட்டில் இருக்கிறது. கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் டிகேஎம்எஸ் என்ற கருவி அந்த மாட்யூலை மறுபடி கட்ட வேண்டும். கம்பைலர், ஹெடர் கோப்புகள் எல்லாம் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்க வேண்டும். கையெழுத்து இல்லாததை ஏறவிடாத செக்யூர் பூட் போட்டிருந்தால் மாட்யூலுக்கு நம் சாவியால் கையெழுத்து வைத்து, அந்தச் சாவியைப் பெட்டியிலும் பதிய வேண்டும். அதற்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். சூடாக வந்த கெர்னலை ஆசையாகக் கட்டினால், விர்ச்சுவல்பாக்ஸ் அதற்கு இன்னும் தயாராகாமல் இருக்கலாம்.

பணம் சார்ந்த ஒரு விஷயமும் உண்டு. அடிப்படை விர்ச்சுவல்பாக்ஸ் திறமூல மென்பொருள். கூடுதல் வசதிகளுக்கான எக்ஸ்டென்ஷன் பேக் அப்படி இல்லை. சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் இலவசம், தொழிலுக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும். கல்லூரியில் பழகிவிட்டு அப்படியே பட்டறையிலும் போட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பழைய பெட்டிக்காரர்களுக்கு இன்னொன்று: 6.1 பதிப்பிலிருந்து வன்பொருள் வசதி இல்லாமல் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடாது.

## ஒரே பார்வையில்

| | நட்சத்திரம் | எம் | காலி | காலி + விர்ச்சுவல்பாக்ஸ் |
|---|---|---|---|---|
| ரீபூட் இல்லாமல் கழற்றலாமா | முடியாது | முடியும் | பேச்சே இல்லை | முடியும் |
| விர்ச்சுவல்பாக்ஸோடு (6.12 முதல்) | கெர்னல் வரியில் அணைத்தால் மட்டும் | தடைப்பட்டியல் போட்டால் | இடிக்காது | இடிக்காது |
| அப்டேட் வேலை | குறைவு | மாட்யூல் நிறுவ மறக்கக் கூடாது | மிகக் குறைவு | ஒவ்வொரு முறையும் |
| மறைந்திருக்கும் செலவு | சின்ன மாற்றத்துக்கும் ரீபூட் | லோக்கல்மாட்கான்ஃபிக் பொறி | எமுலேட்டர் படுத்துவிடும் | கையெழுத்து, உரிமம் |
| யாருக்கு | விஎம் ஓட்ட மட்டுமே உள்ள சர்வர் | பெரும்பாலோருக்கு | பில்லிங், எடைமேடை | விண்டோஸ் கலந்த லேப் |

## கெஸ்ட் கெர்னலில் பதில் தலைகீழ்

மேலே சொன்னது எல்லாம் ஹோஸ்டுக்கு, அதாவது விஎம்களை ஓட்டும் பெட்டிக்கு. விஎம்முக்குள் ஓடப்போகும் கெர்னலைக் கட்டுகிறீர்கள் என்றால் நட்சத்திரத்துக்குத்தான் என் ஓட்டு. அங்கே தேவைப்படுவது விஎம்முக்குக் காட்டும் வட்டு, நெட்வொர்க்குக்கான விர்ட்டியோ டிரைவர்கள், கேவிஎம் அல்ல. விர்ட்டியோ பிசிஐ, விர்ட்டியோ பிளாக், அத்துடன் ரூட் பிரிவின் கோப்பு முறைமை மூன்றையும் எம்மாக வைத்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) இல்லாமல் எழுப்பினால், ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று கெர்னல் அலறி நின்றுவிடும். வட்டைப் படிக்கும் டிரைவர் அந்த வட்டுக்குள்ளேயே இருக்கிறது. சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை. ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை: மேக் கட்டளையோடு கேவிஎம்_கெஸ்ட்.கான்ஃபிக் என்று கொடுத்தால் தேவையான விர்ட்டியோ டிரைவர்களை அதுவே சேர்த்துவிடும். ரூட்டின் கோப்பு முறைமையை மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## அந்த மூவருக்கும் சொன்னது

தர்மபுரி லேபுக்கு எம். அங்கே எல்லாம் லினக்ஸ் பெட்டிகள், விர்ச்சுவல்பாக்ஸ் கிடையாது, ஆனால் செமஸ்டருக்குச் செமஸ்டர் பாடம் மாறும். கழற்றி மாட்டும் வசதி வேண்டும். ஒரே மாதிரியான விஎம்களை ஒரு பெட்டியில் நாலைந்து ஓட்டப் போகிறார் என்பதால் கேஎஸ்எம்மையும் போடச் சொன்னேன். ஒரே உள்ளடக்கம் உள்ள நினைவகப் பக்கங்களை அது ஒன்றாக்கிவிடும். 8 ஜிபி பெட்டியில் அது வரம், கொஞ்சம் சிபியு தின்றாலும். கேவிஎம்மைப் பயன்படுத்த அனுமதி தரும் கேவிஎம் குழுவில் எந்தெந்த மாணவர் கணக்கைச் சேர்ப்பது என்பதை மட்டும் அவரே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாணவிக்கு, கெர்னலே கட்ட வேண்டாம், உபுண்டுவில் வருவதே போதும் என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.

ஓசூர் பெட்டியில் இப்போது கேவிஎம்மும் கேவிஎம்-இன்டெல்லும் எம், இரண்டும் தடைப்பட்டியலில். எக்ஸ்பியை விர்ச்சுவல்பாக்ஸிலிருந்து கேவிஎம்முக்கு மாற்றிவிட்டால் இந்தத் தகராறே இல்லை என்று பட்டறைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். எக்ஸ்பிக்கு விர்ட்டியோ வேண்டாம், ஐடிஇ வட்டும் பழைய நெட்வொர்க் அட்டையும் காட்டினால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். "ஓடுறத ஏன் தம்பி தொடணும்?" என்றார். இன்னும் தொடவில்லை.